குழம்புக்கும் கொக்கோ



சாக்லேட் என்றாலே இனிப்பு என்று பழகிவிட்டோம். கொக்கோ விதை உண்மையில் கசப்பு. நம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைகிறது. மெக்சிகோவில் காய்ந்த மிளகாயோடு சாக்லேட்டும் சேர்த்து 'மோலே' என்று காரக் குழம்பே வைக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்தபின் சாக்லேட்டை நிறுத்தினோம். அவர் முகம் வாடிப்போனது. அதனால் இப்போது சர்க்கரை சேர்க்காத கொக்கோ பொடி வாங்குகிறேன். சுண்டைக்காய் வத்தக்குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்ததும், அரைத் தேக்கரண்டி பொடியை வெந்நீரில் கரைத்து ஊற்றி இறக்குவேன். சாக்லேட் வாசனை தனியாகத் தெரியாது. நிறம் கருத்து, புளிப்பு அடங்கியிருக்கும்.

பேரப்பிள்ளைகளுக்குத் தேங்காய் பர்பிமேல் சாக்லேட் ஊற்றுவேன். கட்டியை நேரடியாக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணம் வைத்து உருக்குங்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் திரிதிரியாக இறுகிவிடும்.

வாங்கும்போது உறையைப் படியுங்கள். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். அதனால்தான் நாக்கில் கரைகிறது. எங்கள் பொழிச்சலூர் சித்திரை வெயிலில் மேசையிலேயே இளகிவிடும். வேறு தாவரக் கொழுப்பில் செய்த 'காம்பவுண்ட்' கட்டி வெயிலைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் வாயில் மெழுகுபோல் ஒட்டும்.

இப்போது ஒரே தொல்லை, குழம்பு ருசிக்கிறதென்று அவர் இரண்டாம் முறை சோறு கேட்கிறார். அன்னக்கரண்டியை நான்தான் வைத்திருக்கிறேன்!