மணற்குழிக் காலம்

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் உயரம் பாய்கிறவனுக்கு மெத்தை கிடையாது. மணற்குழிதான். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் குழியை மண்வெட்டியால் கொத்தி, கல் பொறுக்கி, மரத்தூள் தூவி விடுவோம். 1968இல் மெக்சிகோவில் டிக் ஃபோஸ்பரி முதுகால் தாண்டி, 2.24 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்ற படத்தைப் பேப்பரில் பார்த்து வாயைப் பிளந்தோம். எங்கள் குழியில் அப்படி விழுந்தால் கழுத்து முறிந்திருக்கும்.

ஆனால் என்னை மறித்தது குழியல்ல. ஒருநாள் மைதான ஓரத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இந்தக் கட்டையனை ஆர் பாய விட்டது?" என்றார். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். நான் அதை எடுத்து எனக்கு நானே ஓதத் தொடங்கினேன். தடிக்கு முன்னால் போய் நின்றாலே உள்ளுக்குள் ஒரு குரல்: உனக்கு ஏலாது, உனக்கு ஏலாது.

அந்தக் குரலுக்கு உயரம் பாய்தலைப் போல வாய்ப்பான விளையாட்டு வேறில்லை. நூறு மீற்றர் ஓடுகிறவனுக்கு யோசிக்க நேரமேது? இங்கே ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்ததற்கும் இடையில் புல்லில் குந்தியிருந்து மற்றவர்கள் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று தரம் பிழைத்தால் வெளியே. அவ்வளவு நேரமும் அது கதைத்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் பி.ரி. மாஸ்டர் எதிர்வீரசிங்கத்தின் கதையை அடிக்கடி சொல்வார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிப் பொடியன், 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்த கதை. மற்றவர்களுக்கு அது உரமேற்றியது. எனக்கோ, அவர் நெடுவல், நான் கட்டை என்றுதான் பட்டது. பெரிய சாதனைக் கதைகள் ஐமிச்சத்தைத் தீர்த்துவிடும் என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை.

ஒருநாள் மாஸ்டர் கிட்ட வந்தார்.

"என்ன தம்பி முணுமுணுக்கிறாய்?"

"ஒண்டுமில்லை சேர்."

"ஏலாதெண்டுதானே? சொல்லாதை எண்டால் நீ இன்னும் சொல்லுவாய். வாய்க்கு வேறை வேலை குடு. அடியை எண்ணிக்கொண்டு ஓடு. சத்தமாய் எண்ணு. கடைசி மூண்டும் கெதியாய்."

ஒரு வேப்பங்கொத்தை முறித்து, நான் ஓடத் தொடங்கும் இடத்தில் அவரே வைத்தார். நான் எண்ணினேன். பொடியள் சிரித்தார்கள். தடி ஆடியது, விழவில்லை.

அந்தக் குரல் அன்றோடு ஓய்ந்துவிடவில்லை. தடியை ஒவ்வொரு தரமும் உயர்த்தும்போது திரும்பி வந்தது. ஆனால் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அது நுழைய இடமிருக்கவில்லை. செய்ய வேண்டியதை மட்டும் தனக்குத்தானே சொல்லிப் பழகும்படி இப்போது விளையாட்டு உளவியலாளர்கள் படிப்பிக்கிறார்கள். மாஸ்டர் அந்தப் புத்தகம் எதுவும் படித்தவரல்ல. பயந்த பொடியளை நிறையப் பார்த்தவர்.

மாஸ்டர் இல்லை. எதிர்வீரசிங்கமும் 2024இல் போய்விட்டார். அன்று சிரித்தவர்களில் ஒருவன் ரொறன்ரோவில் இருக்கிறான். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தபிறகு படியேறும்போது மாஸ்டரின் எண்ணிக்கைதான் வாயில் வருகிறது என்று போனில் சொன்னான். வெகுநேரம் அவரைப் பற்றியே கதைத்தோம். அவருடைய விசில் கயிறு பச்சை என்கிறான் அவன். நீலம் என்கிறேன் நான்.