கணிப்பொறியும் ஏட்டுக்கட்டும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் தொடங்கிய பெருமழையைத் தூத்துக்குடிப் பகுதியில் வாழ்வோர் எளிதில் மறவார். அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அவ்விரவில் எங்கள் வீட்டினுள்ளும் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் முன்னரே நின்றுவிட்டது. வீட்டார் அரிசிப் பானையையும் பத்திரங்களையும் தேடிக்கொண்டிருக்க, நான் மேசைக்கடியில் இருந்த கணிப்பொறியைத் தூக்கிப் பரண்மேல் ஏற்றினேன். "அரிசியினும் அப்பெட்டியா பெரிது?" என்று என் மனைவி சினந்தாள். அவள் சினம் முறையானதே.

ஆயினும் அப்பெட்டிக்குள் இருந்தது இக்கரையின் கடற்சொற்களின் தொகுதி. 1961-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததே இக்கடலின் இறுதி முத்துக்குளிப்பு. அக்காலத்தில் கடலில் மூழ்கிய முதியோரை அணுகி, பல்லாண்டு கேட்டு எழுதியவை அச்சொற்கள். முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைப் பரப்பிற்குப் 'பார்' என்பது பெயர். தொல்லாயிரம் பார் முதலிய பார்களின் பெயர்களும், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுகளின் இயல்பும் அத்தொகுதியில் உள்ளன. சொன்னவருள் பலர் இன்று இலர். கையால் எழுதிய குறிப்பேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. வேறொரு படி எடுத்து வையாதது என் மடமை.

மறு ஆண்டு மாடி வீடொன்றிற்குக் குடிபெயர்ந்தோம். பெட்டியைத் தொடுமுன் தொகுதி முழுவதையும் இரண்டு பென்டிரைவுகளில் படியெடுத்தேன். அவை சரியாகத் திறக்கின்றனவா என்றும் பார்த்தேன். ஒன்றை மதுரையிலுள்ள மகளுக்கு அனுப்பினேன். மற்றொன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாணவர்களே, என் கணிப்பொறி பழையது. அதன் வன்தட்டினுள் வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 7200 முறை சுழல்வன. எழுத்தைப் படிக்கும் முனை, ஒரு மயிரிழைப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில், அத்தகட்டின்மேல் மிதந்து நிற்கும். சுழலும்போது பெட்டி அதிர்ந்தால் முனை தகட்டில் உராய்ந்து எழுத்தை அழித்துவிடும். முறைப்படி நிறுத்தினாலோ முனை தனக்குரிய இடத்திற்குச் சென்று ஒதுங்கிக்கொள்ளும். ஆதலின் பொறியை நிறுத்தி, ஓசை முற்றும் அடங்கிய பின்னரே கம்பிகளைக் கழற்றினேன். எந்தக் கம்பி எந்தத் துளைக்குரியது என்பது மறந்து போகாதவாறு இரண்டிலும் ஒரே நிற நூலைக் கட்டினேன். என் வயதினர்க்கு இது மிகவும் வேண்டும்!

கட்டும் முறையை எனக்குக் கற்பித்தவை ஓலைச்சுவடிகள். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுச் சுவடி தேடி வந்த ஆழ்வார்திருநகரி எங்கள் மாவட்டத்தில்தான் உள்ளது. ஏட்டை இரு பலகைகளுக்கிடையே வைத்துக் கயிற்றால் இறுக்கித் துணியில் பொதிவது பண்டையோர் வழக்கம். கட்டு தளர்ந்தால் ஏடுகள் ஒன்றோடொன்று உரசி ஓரம் முறியும். கணிப்பொறிக்கும் அதுவே ஊறு. ஆகவே தெர்மக்கோல் துண்டுகளையும் பழைய போர்வைகளையும் நாற்புறமும் திணித்து, அட்டைப்பெட்டியை ஆட்டிப் பார்த்தேன், உள்ளே அசைவில்லை. திரையைத் தனியே பொதிந்து, அதன் முகத்தில் எடையொன்றும் படாமல் நிறுத்தி வைத்தேன்.

மக்கள் 'குட்டியானை' என்று வழங்கும் சிறு சுமையுந்தில் வீட்டுப் பொருள்கள் சென்றன. கணிப்பொறிப் பெட்டியை மட்டும் ஓட்டுநர் அருகில் அமர்ந்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தலாம் என்றார் ஓட்டுநர். நான் உடன்படவில்லை.

புதுவீட்டில் ஒருநாள் பொறுத்தே பொறியை இயக்கக் கருதினேன். கடற்காற்றின் ஈரம் படிந்திருக்கக் கூடும் என்பது என் அச்சம். மறுநாள் எஞ்சிய சுமையைக் கொண்டுவந்த அவ்வோட்டுநர், திரையில் 'பார்' என்னும் பக்கத்தைக் கண்டு சற்றே நின்றார்.

"எங்கள் தாத்தாவும் முத்துக் குளித்தவர்தாம், ஐயா. இதிலே இல்லாத பெயரெல்லாம் அவர் சொல்லுவார்" என்றார்.

நான் அவரை அமரச் செய்து, எழுதுகோலை எடுத்தேன்.