புகைக்கரி படிந்த இடம்

பட்டறைக்குள் காலெடுத்து வைத்ததும் கரிப்புகையும் எண்ணெயும் கலந்த வாடை. எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையின் அதே வாடை. ஆனால் நான் நின்றிருந்தது அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க்கில். 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த ஊர். 1926இல் தொடங்கிய மீட்புப் பணியால் பழைய தெருக்களோடு பழைய தொழில்களும் இங்கே உயிர்பெற்றன. வாலஸ் கஸ்லர் என்ற துப்பாக்கிக் கொல்லர் இந்த ஊரில் ஒரு ரைஃபிளை முழுக்கக் கையாலேயே செய்துமுடிப்பதை 1960களின் இறுதியில் ஆவணப்படமாக எடுத்தார்கள். அந்தப் படம்தான் என்னை இங்கே இழுத்துவந்தது.

நான் பார்க்க விரும்பியது அதில் ஒரே ஒரு வேலையை: சக்கிமுக்கித் துப்பாக்கியின் பக்கவாட்டில் பதியும் விசைத் தகட்டைச் செய்து பொருத்துவதை. தகட்டின் நீளம் 5 அங்குலத்துக்குச் சற்று மேல், கனம் ஏறக்குறைய ஒரு நூல். வெளிப்பக்கம் கல்லைக் கவ்விய குதிரை (இங்கே அதற்குச் சேவல் என்று பேர்), கல் மோதும் எஃகு, அதன் கீழே வெடிமருந்துக் கிண்ணி. உள்பக்கம் ஸ்பிரிங்கும் அதை அடக்கிவைக்கும் கொக்கியும். விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எஃகைச் சுரண்டும். பொறி கல்லிலிருந்து வருவதில்லை. சுரண்டப்பட்ட எஃகுத் துணுக்குதான் எரிந்துகொண்டே கிண்ணியில் விழுகிறது. அங்கே பற்றிய தீ, குழலின் பக்கத்துளை வழியே உள்ளே போகும். கிண்ணி குழலோடு ஒட்டி உட்காராவிட்டால் மருந்து இடுக்கில் வழிந்துவிடும். ஆகவே எல்லாமே தகடு உட்காருவதில் இருக்கிறது.

ஊர் தலைநகராக இருந்த காலத்தில் இங்கிருந்த கொல்லர்கள் பலர், இங்கிலாந்திலிருந்து ஆயத்தமாக வந்த விசைத் தொகுதியை வாங்கிப் பொருத்தினார்கள். இந்தப் பட்டறையில் அதையும் அடித்தே செய்கிறார்கள்.

உலையில் அடித்த தகட்டை வைஸில் கவ்வவைத்து மூத்த கொல்லர் ராவத் தொடங்கினார். முதலில் உள்முகம். மற்ற அளவெல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதால் அது கண்ணாடிபோல் சமமாக வேண்டும். இரும்புச் சட்டத்தின் விளிம்பை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் ஓர் இழை வெளிச்சம் தெரிந்தது. மறுபடி அரம். பிறகு ஓரம். அதை நேர்க்குத்தாக ராவக்கூடாதாம். உள்முகம் மயிரிழை சிறுத்து, வெளிமுகம் பெருத்திருக்க வேண்டும்.

"ஏன் இந்தச் சாய்வு?" என்று கேட்டேன்.

"தக்கை மாதிரி. உள்ளே போகப்போக இறுகும். வெளியே எடுக்கும்போது மரத்தைப் பெயர்க்காது."

பொருத்தும் வேலை பக்கத்து மேசையில். மேப்பிள் மரக் கட்டையில் குழலை முன்பே பதித்திருந்தார்கள். பயிலுநரான இளம்பெண் வேறொரு தகட்டை எண்ணெய் விளக்குச் சுடரில் காட்டினார். புகைக்கரி படிந்தது. கட்டையில் அதற்காகக் குடைந்த குழியில் வைத்து மெல்லத் தட்டி எடுத்தார். மரத்தில் இரண்டு இடத்தில் கருப்பு. அந்தக் கருப்பை மட்டும் உளியால் சீவினார். வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு சுருள் எழுந்தது. மறுபடி சுடர், மறுபடி தட்டல், மறுபடி உளி. முப்பது தடவை வரை எண்ணினேன்.

அவசரத்துக்கு இங்கே இடமே இல்லை. உள்ளே ஸ்பிரிங் உட்காரும் குழிக்கும் குழலுக்கும் நடுவே எஞ்சுவது மெல்லிய மரச்சுவர்தான். குழலுக்குக் கீழே மருந்து இடிக்கும் கோலுக்கான துளை ஓடுகிறது. தகட்டைப் பிடிக்கும் முன் திருகாணி அந்தக் கோலுக்கும் குழலுக்கும் இடையே நுழைந்து வர வேண்டும். இன்ன இடத்தில் துளை என்று கண்ணால் பார்க்க வழியில்லை.

பயிலுநர் மேசையடியிலிருந்து ஒரு பழைய கட்டையை எடுத்துக் காட்டினார். அவருடைய முதல் முயற்சி. தகட்டின் வால்பக்கம் நகம் நுழையும் இடைவெளி. "மரத்தை எடுத்தால் எடுத்ததுதான்" என்றார். அதை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்தது.

பொருத்தி முடித்த பிறகும் ஒரு கண்டம் உண்டு. எலும்புக்கரியும் தோல்கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டியில் தகட்டைப் புதைத்து, களிமண்ணால் பூசி, செந்தணலில் மணிக்கணக்கில் வைத்துத் தண்ணீரில் கொட்டுகிறார்கள். மேல்தோல் மட்டும் எஃகாகும், உள்ளே மெது இரும்பாகவே இருக்கும். அந்தக் குளிர்ச்சியில் தகடு கோணிவிட்டால் வாரக்கணக்கான உழைப்பு போயிற்று.

இவ்வளவு பொறுமையும் உயிர் வாங்கும் ஒரு பொருளுக்காக. இத்தகைய துப்பாக்கிகள் மான் வேட்டைக்குப் போயின. பூர்வகுடிகளின் நிலத்தைப் பறித்தவர்களின் தோளிலும் போயின. அதை மறந்துவிட்டு இந்தக் கைகளை வியக்க எனக்கு மனம் வரவில்லை. வியக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மாலையில் பயிலுநர் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். இறுகி உட்கார்ந்தது. சுற்றிலும் கோடு மட்டும், இடைவெளி இல்லை. மூத்தவர் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து திருகாணித் தலையைத் தட்டினார். ஓரம் சிதையாமல் தகடு வெளியே வந்தது. குழியைச் சாளரத்தின் பக்கம் திருப்பினார். அடியில் மிளகளவு ஒரு கருப்பு. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் உளியை எடுத்தார்.