மட்டையடிக்கு முந்தைய கதை

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கம் தாயார் சன்னதியில் நம்பெருமாள் வாசலில் காத்து நிற்பார். பல்லக்கு கிட்டே வந்ததும் கதவு சாத்தப்படும். உள்ளேயிருந்து பூவும் வாழை மட்டையும் வந்து விழும். பல்லக்கு பின்வாங்கி மறுபடி வரும். கதவு மறுபடி சாத்தப்படும். தாயாரின் கோபத்துக்குக் காரணம் உண்டு. மூன்று நாள் முன்பு, பங்குனி ஆயில்யத்தன்று, அவர் காவிரியைத் தாண்டி உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். கையில் கணையாழியையும் காணோம். தொலைந்துவிட்டது என்கிறார், தாயார் நம்பவில்லை. இருவர் பேச்சையும் அரையர்கள் வாசிக்க, கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைக்கிறார். பிறகுதான் இருவரும் சேர்ந்து அமர்கிறார்கள். ரங்கநாயகித் தாயார் படிதாண்டாப் பத்தினி. நம்பெருமாளோடு அவள் ஒன்றாக வீற்றிருக்கும் நாள் ஆண்டில் இது ஒன்றுதான்.

பெரியவர்கள் இதைப் பிரணய கலகம் என்பார்கள். எங்கள் தெருவில் மட்டையடி.

என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு ஊர்சுற்றல் என்றால் முக்கொம்பு, கல்லணை, மிஞ்சினால் அம்மா மண்டபத்துப் படித்துறை. எங்கே போனாலும் தூக்கில் புளியோதரை இருக்கும். அம்மா மண்டபத்துக்கு மட்டும் செவலையும் வரும். தெருவில் பிறந்து எங்கள் திண்ணையில் வளர்ந்த நாய் அது. விடியற்காலையில் காவிரித் தீர்த்தத்தோடு கோயில் யானை ஆண்டாள் வரும்போது குரைக்காமல் என் புடவைக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளும். யானை கடந்து போனதும், அது கால் வைத்த இடத்தையெல்லாம் முகர்ந்துகொண்டே கொஞ்ச தூரம் பின்னால் போய்விட்டு ஓடி வரும். ஒரு தை மாதத்தில், சிறுநீரகம் கெட்டு, இவர் மடியிலேயே உயிரை விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் ஆற்றுப் பக்கம் போகவில்லை. வீட்டில் பேச்சும் குறைந்துபோனது.

அந்த ஆண்டு மட்டையடி பார்த்துவிட்டுத் திரும்பும்போது இவர் கேட்டார்: "இந்தச் சண்டையை முதல்ல யாரு ஆரம்பிச்சு வச்சிருப்பாங்க?"

நெடுநாளைக்குப் பிறகு இவர் ஆசையாகக் கேட்ட கேள்வி. விடை தேடாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தெருப் பெரியவர்களைக் கேட்டால் ராமானுஜர் பெயரைச் சொன்னார்கள். பங்குனி உத்திரச் சேர்த்தியில்தான் அவர் கத்யத்ரயத்தைச் சமர்ப்பித்தார் என்பது வைணவ மரபு. இன்றும் அந்த இரவில் அதைச் சேவிக்கிறார்கள். அப்படியானால் அவர் காலத்துக்கு முன்பே சேர்த்தி இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு இந்தத் தம்பதி பிரிந்தும் இருந்திருக்கிறார்கள். 1323 வாக்கில் டில்லிப் படை வந்தபோது நம்பெருமாளை ஊரைவிட்டு எடுத்துச் சென்றார்கள். தாயாரை வில்வ மரத்தடியில் புதைத்துக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். நம்பெருமாள் திரும்பியது 1371இல். அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான பிரிவு. இவ்வளவையும் கடந்து வந்த சண்டை இது என்று தெரிந்த பிறகு, அந்தக் கதவு சாத்தும் சத்தம் எனக்கு வேறு விதமாகக் கேட்டது.

அடுத்து உறையூர் நாச்சியார் கோயிலுக்குப் போனேன். திருப்பாணாழ்வார் பிறந்த ஊர். கமலவல்லியும் அழகிய மணவாளரும் அங்கே வடக்கு நோக்கி, ஸ்ரீரங்கத்தைப் பார்த்தபடி இருக்கிறார்கள். ஒரு சோழ அரசன் தாமரைப் பூவில் கண்டெடுத்து வளர்த்த மகள் கமலவல்லி என்கிறது தலபுராணம். கதை சோழர் காலத்துக்குப் போகவே, தேடல் நூலகத்துக்குத் திரும்பியது.

இறையனார் களவியல் உரையில் முதல் தடயம் கிடைத்தது. காதலர்களின் இரவுச் சந்திப்பு தடைப்படும் காரணங்களில் ஒன்று, திருவிழாவால் ஊர் தூங்காமல் இருப்பது. அதற்கு மதுரையின் ஆவணி அவிட்டத்தையும் கருவூரின் உள்ளி விழாவையும் சொல்லும் உரை, உறையூரின் பங்குனி உத்திரத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

அதற்கும் முந்தையது அகநானூறு 137ஆம் பாட்டு. பாடியவர் உறையூர் முதுகூத்தனார். கணவன் பிரிந்துபோவான் என்று கலங்கும் தலைவியிடம் தோழி பேசுகிறாள். அவன் போகக்கூடிய காட்டு வழியில், தன் பிடியின் காலடித் தடத்தின் மேல் ஆசை வைத்த களிறு ஒன்று வருகிறது. பிறகு உறையூர்க் காவிரிக்கரை. வெண்மணல், குளிர்ந்த சோலை. அங்கே பங்குனி விழா முடிந்து மறுநாள் ஆகிவிட்டது. தீ அணைந்த அடுப்புகளோடு வெறிச்சோடிக் கிடக்கிறது அரங்கம். தலைவியின் நெற்றியும் அப்படித்தான் ஒளியிழந்தது என்கிறாள். அந்த அரங்கம் நம் ஸ்ரீரங்கமே என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள்.

அந்தப் பாட்டை இவருக்கு வாசித்துக் காட்டினேன். களிறு வரும் இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "செவலையும் இப்படித்தானே தடம் பார்த்துப் போகும்" என்றார். அது போன பிறகு அதன் பெயரை இவர் சொன்னது அன்றுதான். அதற்கப்புறம் ராத்திரி வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பாட்டில் பெருமாளும் இல்லை, தாயாரும் இல்லை. மணலில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்ட ஜனங்கள் இருக்கிறார்கள். பிரிவை நினைத்தே வாடும் ஒரு பெண் இருக்கிறாள். அதனால் என் முடிவு இது: இந்த விழாவுக்கு ராஜாவோ ஆச்சாரியாரோ பிள்ளையார் சுழி போடவில்லை. துணையோடு ஆற்றங்கரைக்கு வந்தவர்களின் சந்தோஷமும் அவர்களின் பிரிவுத் துயரமும்தான் இதன் வேர். பெருமாளும் தாயாரும் அந்த வீட்டுக் கதையைத் தங்கள் கதையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

உத்திரச் சேர்த்திக்கு வருகிறவர்கள் ஆயில்யத்தன்றே வந்துவிடுங்கள். உறையூரிலிருந்து தொடங்கினால்தான் சண்டையின் நியாயம் புரியும். தனியாக வராதீர்கள், துணையோடு வாருங்கள். கட்டுச்சாதம் கொண்டு வாருங்கள்; சாப்பிட்ட இலையை மட்டும் ஆற்று மணலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.