இலை எங்கே விழும்?

திண்டுக்கல் என்றால் பூட்டு என்பார்கள். பூட்டுக்குச் சளைக்காத இன்னொரு தொழில் அங்கே தோல் பதனிடுதல். அந்தக் காலத்தில் அதற்கு ஆவாரம் பட்டைதான். பட்டைத் தண்ணீரில் தோல் பதமாக வாரக்கணக்கில் பிடிக்கும். பிறகு குரோமிய உப்பு வந்தது. ஒன்றிரண்டு நாளில் காரியம் முடிந்தது. பட்டைக் கழிவும் நாறத்தான் செய்யும், ஆனால் மக்கும். குரோமியம் உலோகமாயிற்றே, எப்படி மக்கும்? தோல் கெடாமலிருக்கப் போட்ட கறியுப்பு வேறு, கழுவலோடு கலந்து கிணறுகளில் இறங்கியது. தண்ணீர் கரித்தது, தென்னையில் காய்ப்புக் குறைந்தது. 1996-ல் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, திண்டுக்கல் ஜில்லாவும் அதில் பேர் சொல்லி இடம்பெற்றது.

காந்திகிராமத்தில் மண்ணைப் படிக்கிற சிநேகிதர் ஒருவர் எனக்கு உண்டு. "அங்கெல்லாம் மரம் நட்டுவிட்டால் என்ன, ஸார்?" என்று கேட்டேன். சிறுமலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு மரத்தை நம்பாமல் இருக்க முடிகிறதா?

"நடுங்கள். வேர் உலோகத்தை உறிஞ்சும். பெரும்பாலும் வேரிலேயே தங்கும், கொஞ்சம் இலைவரை ஏறும். அந்த இலை எங்கே விழும்?" என்றார்.

உப்பாவது, நல்ல மழை பெய்தால் வருஷக் கணக்கில் கரைந்து போகும். குரோமியம் மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். சாதாரணமாகச் சாதுதான், மண்ணிலுள்ள மாங்கனீஸ் அதில் கொஞ்சத்தை விஷ வடிவமாக்கி நீரோடு நகர வைத்துவிடும். நிழலுக்கும் விறகுக்கும் மரம் நடலாம், சருகைக் கூட்டி அப்புறப்படுத்த ஆள் இருந்தால். கீரை மட்டும் வேண்டாம் என்கிறார் சிநேகிதர்.

ஊர் பெருத்தால் அங்கேயும் மனை போடுவார்கள். வாங்கப் போகிறவர் கிணற்று நீரை ஒரு வாய் கொப்பளித்துப் பார்க்கலாம். உப்பு தெரிந்துவிடும். குரோமியம் ருசியில் தெரியாது.