களிம்பு

பழைய செம்புக் காசின் மேல் படிந்திருக்கும் பச்சையை எடுப்பதா, விடுவதா என்ற கேள்வி காசு சேர்ப்பவர்களிடையே மிகப் பழையது. உலகெங்கும் அதற்கு அவர்கள் சொல்லும் பதிலும் பழையதுதான்: தொடாதே. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல. பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் பரணிலிருந்து பித்தளையையும் செம்பையும் இறக்கி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைக்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். கறுத்த பாத்திரம் நமக்குக் கவனிப்பாரற்ற வீட்டின் அடையாளம். துலக்குவது என்ற சொல்லிலேயே தெளிவுபடுத்துவது என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எலவனாசூர்கோட்டை வீட்டில் அப்பா விட்டுச் சென்ற ஒரு தகர டப்பா இருக்கிறது. அதில் பெரும்பாலும் காலணாக்கள். கம்பெனியாரின் 1835ஆம் ஆண்டுக் காசுகள், இரண்டாம் உலகப்போரின்போது உலோகத்தை மிச்சப்படுத்த வெளியிட்ட ஓட்டைக் காலணாக்கள், ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சில வெள்ளி ரூபாய்கள். இவற்றோடு, காகிதத்தில் மடித்து, நகக்கண் அளவில் சதுரமான நாலைந்து செம்புத் துண்டுகள். வடக்கே திருக்கோவிலூரில் பெண்ணையாற்று மணலைச் சலித்துப் பொறுக்கியவர்களிடம் எப்போதோ வாங்கியவை. சென்ற பொங்கல் விடுமுறைக்கு வந்த என் அக்கா மகன் டப்பாவைத் திறந்துவிட்டு, "மாமா, புளியும் உப்பும் போட்டு ஒரு தேய் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும். இப்படியே கொடுத்தா யாரு வாங்குவாங்க?" என்றான். அவனுக்கு டப்பாவை விற்றுவிடலாம் என்ற எண்ணம். அது தவறு என்று நான் நினைக்கவில்லை. காசு கைமாறுவதற்காகவே பிறந்தது.

ஆனால் புளி வேறு விஷயம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைத்துவிடும். நாம் அழுக்கு என்று நினைப்பது அந்த இரண்டையும்தான். கரைந்தபின் எஞ்சுவது அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்த, ரோஜா நிறத்தில் கூசும் பச்சைச் செம்பு. கூடச் சேர்த்த உப்போ குளோரைடாகக் குழிகளில் தங்கி, அடுத்த மழைக்காலத்தில் தன் வேலையைத் தொடங்கும். வெள்ளி ரூபாய்க்கும் ஏறக்குறைய இதே கதைதான். அதன் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டான மெல்லிய படலம். தேய்த்தால் படலத்தோடு மன்னரின் தாடி மயிரும் போகும். அனுபவமுள்ள வியாபாரி ஒருவர் கழுவிய ரூபாயைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்ததுமே கண்டுகொள்வார். காசுகளைத் தரம் பிரிக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் 'துப்புரவு செய்யப்பட்டது' என்று உறையிலேயே எழுதிவிடுகின்றன. ஆகவே விற்பதற்காகத் துலக்குவது வியாபாரமாகவும் உதவாது. இதைச் சொன்னதும் அக்கா மகன் பாதி வழிக்கு வந்துவிட்டான்.

சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசி அல்ல, செம்பு உள்ளபோதே அதனுடன் உள்ளது என்பார்கள். உவமையைச் சொன்னவர்களுக்கு நீக்குவதில்தான் அக்கறை. இரசகுளிகை பட்டால் களிம்பு நீங்கிச் செம்பு பொன்னாகும். ஆனால் உவமையின் முதல் பாதி மட்டும் மண்ணிலிருந்து எடுத்த காசுக்கு வியப்பூட்டும் அளவு பொருந்துகிறது. மண்ணுக்குள் கிடக்கும் செம்பு மெல்ல மெல்லத் தன் இடத்திலேயே ஆக்சைடாக மாறுகிறது. அச்சின் மேடும் பள்ளமும் அந்த மாற்றத்தில் அப்படியே பதிவாகி நிற்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அக்கசாலையின் அச்சு விழுந்த அந்த மேற்பரப்பு உலோகத்தில் இல்லை. பல காசுகளில் அது களிம்பின் அடுக்குகளுக்கு நடுவே எங்கோ இருக்கிறது. களிம்பு முழுவதையும் எடுத்துவிட்டு உள்ளே காசைத் தேடுகிறவன், தேடியதைக் கழுவி ஊற்றிவிட்டிருப்பான்.

இது வெறும் இரசாயன நுட்பம் இல்லை. சங்ககால மன்னர்கள் சொந்தமாகக் காசு வெளியிட்டார்களா என்ற சந்தேகமே நெடுங்காலம் இருந்தது. 1980களில் 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி சதுரச் செம்புக் காசு ஒன்றில் குதிரைக்கு அருகே தமிழ்-பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரைப் படித்தார். பிறகு சேரரின் மாக்கோதை வந்தது, எங்கள் பகுதிக்குரிய மலையமான் காசுகளும் வந்தன. மலையமான் காசுகளிலும் குதிரை உண்டு. (திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்பதைத் தமிழாசிரியர் யாரும் சொல்லாமல் விட்டதில்லை.) இவையெல்லாம் சில மில்லிமீட்டர் பரப்பில், தலைமயிர் கனத்துக்கு மேடான கோடுகள். ஒரு காசில் அவை அழிந்தால் ஓர் அரசனின் பெயர் அழியலாம். கல்லுக்கே அப்படி நேர்ந்திருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு நடத்திக் கோயில் சுவர்களைப் 'புதிது' ஆக்கியதில் கல்வெட்டெழுத்துகள் மழுங்கிப் போய், அதைத் தடை செய்ய வேண்டிய நிலை வந்ததை நாம் பார்த்தோம்.

அப்படியானால் தொடவே கூடாதா? அந்தக் கட்சியோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. மண்ணும் களிம்பும் மூடிய காசை எழுத்து தெரியுமளவுக்கு யாரோ திறக்காமல் எந்தப் பெயரும் படிக்கப்பட்டிருக்காது. களிம்பிலும் நோய்க் களிம்பு என்று ஒன்று உண்டு. கெட்டியான கரும்பச்சையாக இல்லாமல், வெளிர்பச்சைப் பொடியாக, ஊசி குத்தினால் உதிர்வதாக இருக்கும். உள்ளே தங்கிய குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகி, செம்பைத் தின்று, மறுபடி குளோரைடாகி, மறுபடி தின்னும். அங்கே சும்மா இருப்பது பாதுகாப்பு அல்ல. சோடியம் செஸ்க்விகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றி மாற்றி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஈரம் அண்டாமல் வைக்க வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930களிலேயே ச. பரமசிவன் வெண்கலச் சிலைகளின் நோய்க் களிம்பை மின்னாற்பகுப்பால் நீக்கியிருக்கிறார். அந்த முறையை இன்று தயக்கத்தோடுதான் கையாள்கிறார்கள், நல்ல களிம்பையும் அது விட்டுவைப்பதில்லை என்பதால். கைதேர்ந்தவர்களே இப்படி முன்னும் பின்னுமாக யோசிக்கிற இடம் அது.

என் கவலையெல்லாம் அந்தச் சதுரத் துண்டுகளில் ஒன்றைப் பற்றியது. முதலில் எடை போட்டு, இருபுறமும் படமெடுத்து வைத்தோம். பிறகு காய்ச்சி வடித்த நீரில் பத்து நாள் ஊறவைத்ததில் மண் மட்டும் இளகியது. உருப்பெருக்கியின் கீழே வைத்து, கருவேல முள்ளின் நுனியால் இளகியதை மட்டும் அக்கா மகனே தள்ளினான். அவன் விரல் என்னுடையதைவிட நடுங்காதது. ஒரு குதிரையின் கால்கள் தெரிந்தன, பிறகு கழுத்தின் வளைவு. அதற்கு மேலே, எழுத்து இருந்தால் இருக்கவேண்டிய இடத்தில், கெட்டிக் களிம்பு.

"இன்னும் கொஞ்சம்தான் மாமா" என்றான். எனக்கும் கை பரபரத்தது. கீழே ஒரு 'ம' இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம், எழுத்தில்லாத மலையமான் காசுகள் நிறைய உண்டு. முள்ளை வாங்கி வைத்துவிட்டேன். ஒளியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்தோம். அவற்றில் ஒன்றில் குதிரையின் தலைக்கு வலப்பக்கம் ஒரு நேர்கோடு நிழலாக விழுகிறது. பிளவாகவும் இருக்கலாம். படங்களைக் காசியலில் தேர்ந்த நண்பர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறோம். காலணாக்களை அக்கா மகன் கறுப்போடேயே விற்கக் கொண்டுபோய்விட்டான். சதுரக் காசு புதிய காகித உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.