இறம்பொடை நீரும் இறாலின் உப்பும்

நன்னீர் இறாலைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கலாமா என்பது கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவரின் பொழுதுபோக்குக் கேள்வியாகத் தோன்றும். மலையகத்து இறம்பொடையில் நின்று கேட்டால் அதன் கனம் வேறு. இங்கே 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேர்ந்து மகாவலியாகிறது. பொல்கொல்லையில் அதன் ஒரு பங்கு உலர்வலயக் குளங்களுக்குத் திருப்பப்படுகிறது. மீதி கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அந்தக் குளங்களில் இறால் பிடிப்பவர்களின் வருமானம் இந்தக் கேள்வியின் விடையில்தான் தங்கியிருக்கிறது. வளர்ந்த நன்னீர் இறால் கடல்நீரில் வாழாது. ஆனால் அவற்றுள் பெறுமதி மிக்க இனத்தின் குஞ்சு உப்பில்லாமல் பிழைக்காது. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நிற்பது குஞ்சு பொரிப்பகத் தொழிலாளியின் கைத்திறன். அந்தத் திறனுக்கு உரிய மதிப்பும் கூலியும் சந்தையிலிருந்து திரும்பி வருவதில்லை என்பதே என் வாதம்.

முதலில் இறாலின் உடம்பைப் பார்ப்போம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. பெரிய நன்னீர் இறாலான மக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கியின் இரத்தம் அதில் பாதியளவு உப்புத்தன்மை கொண்டது. ஆற்றுநீர் அதைவிட மிகவும் நீர்த்தது. அதனால் ஆற்றில் வாழும் இறாலின் உடம்புக்குள் நீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கும். உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். செவுள்கள் நீரிலிருந்து உப்பைப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. உணர்கொம்பின் அடியிலுள்ள சுரப்பி மிகையான நீரை வெளியேற்றுகிறது. கடல்நீரில் இந்த நிலை தலைகீழாகிறது. உடம்பின் நீர் வெளியேறுகிறது, உப்பு உள்ளே ஏறுகிறது. உப்பைச் சேர்த்து வைக்கப் பழகிய உறுப்புகளால் அதைப் போதிய அளவு வெளியே தள்ள முடிவதில்லை. தொட்டிகளில் பலரும் வளர்க்கும் சிவப்புச் செர்ரி இறாலின் நிலையும் இதுவே. உப்புத்தொட்டி வைத்திருப்பவர் கடலில் பிறந்த இறாலையே வாங்க வேண்டும்.

மெல்ல மெல்லப் பழக்கினால் என்ன என்று கேட்பார்கள். தோட்டத்துத் தவறணையில் நிழலில் வளர்ந்த தேயிலைக் கன்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி மலையில் நடுகிறோமே என்ற நியாயம் இங்குள்ளவர்களுக்கு உடனே தோன்றும். பழக்குவது ஓரளவு உதவும் என்பது உண்மைதான். முதிர்ந்த பெரிய நன்னீர் இறால் கழிமுகத்தின் உவர்நீரைத் தாங்கும். ஆனால் பழக்கம் இருக்கிற ஆற்றலை எழுப்புமே தவிர, இல்லாத ஆற்றலைத் தராது. இரத்தத்தின் உப்புக்கு மேலே நீரின் உப்பு ஏறிய பின் அந்த உடம்பு நெடுநாள் ஈடுகொடுக்காது. கடல் இறாலான வன்னமெய் கிட்டத்தட்ட நன்னீரில் வளர்க்கப்படுகிறதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அந்த இனம் இளமையில் உப்பு ஏறி இறங்கும் களப்புகளில் வளர்வது. இரு பக்கமும் சமாளிக்கும் உடலமைப்பு அதற்கு இயற்கையாகவே உண்டு. அதற்கும் நீரில் பொட்டாசியம், மக்னீசியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே வன்னமெய்யின் வெற்றியை வைத்து நன்னீர் இறாலைக் கடலுக்கு அனுப்ப முடியாது.

தாய்க்கு ஆகாத உப்பு குஞ்சுக்கு உயிர். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஷாவோ வென் லிங் என்ற அறிஞர், நன்னீரில் மடிந்துகொண்டிருந்த பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுகள் உவர்நீரில் பிழைப்பதைக் கண்டறிந்தார். பிறகு ஹவாயில் தக்குஜி புஜிமுரா அதைப் பெருமளவில் வளர்க்கும் முறையாக்கினார். இலங்கையில் சிலாபத்துக்கு அருகே பம்பலையிலும் தெற்கே கஹந்தமோதரையிலும் உள்ள பொரிப்பகங்கள் அந்த அறிவின் வழிவந்தவை. தாய் இறாலைத் தேர்வதும் தொட்டி கழுவுவதும் எந்தப் பண்ணையிலும் உள்ள வேலைகள். இந்தத் தொழிலின் உயிர், கையடக்கமான ரிஃப்ராக்டோமீட்டரில் இருக்கிறது. ஒரு சொட்டு நீரை அதன் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு உப்பின் அளவைக் காட்டும். கோடு 12ஐ ஒட்டி நிற்க வேண்டும். அது கடலின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு. வெப்பம் 28 முதல் 31 பாகை வரை இருக்க வேண்டும். ஆர்ட்டீமியா என்னும் உயிர்த்தீனியும் முட்டைக் கலவையும் தின்று, பதினொரு பருவங்களைத் தாண்டி, சில வாரங்களில் குஞ்சு இறால் வடிவம் எடுக்கும். அதன் பிறகே உப்பைப் படிப்படியாகக் குறைத்து நன்னீருக்கு மாற்றுவார்கள். கருவி எண்ணைச் சொல்லும். குஞ்சு சோர்கிறதா, தீனி எடுக்கிறதா, இன்று எவ்வளவு நீர் மாற்றலாம் என்பதை அந்தத் தொழிலாளிதான் சொல்ல வேண்டும்.

இயற்கையில் இந்த வேலையை ஆறே செய்தது. சினை இறால் ஆற்றோடு இறங்கிக் கழிமுகத்தில் குஞ்சு பொரிக்கும். வளர்ந்த குஞ்சு மறுபடி ஆற்றில் ஏறும். இன்று அந்தப் பாதையில் ரந்தெனிகலையும் விக்டோரியாவும் பொல்கொல்லையும் குறுக்கே நிற்கின்றன. அணைகள் மின்சாரமும் நெல்லும் தந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் அணைக்கு மேலேயும் குளத்திலும் இந்த இறால் இனம் பெருக வழியில்லை. திலாப்பியா மீனோ குளத்திலேயே குஞ்சு பொரித்துப் பெருகும். 1990 இல் அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை விலக்கி, 1994 இல் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியிலும் குளத்து மீனவர்களுக்குச் சோறு போட்டது திலாப்பியாதான். இறாலை நம்பியிருந்தால் அது நடந்திருக்காது. 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நக்டா என்னும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை குளங்களில் விடும் குஞ்சுகளே அங்கு பிடிபடும் இறாலாகின்றன. வலையில் ஏறும் ஒவ்வோர் இறாலுக்கும் பின்னால் பொரிப்பகத்தில் ஒருவரின் உழைப்பு இருக்கிறது.

இதனால்தான் குளக்கரையில் இறாலை வாங்கும் இடைத்தரகர் மீதான கோபம் இங்கே வெறும் புலம்பல் ஆகாது. திலாப்பியாவைக் குறைந்த விலைக்கு வாங்குபவர் மீனவரின் உழைப்பைத் தின்கிறார். இறாலைக் குறைந்த விலைக்கு வாங்குபவர் அடுத்த ஆண்டின் விதையையும் சேர்த்துத் தின்கிறார். ஐஸ் பெட்டியும் வண்டியும் வைத்திருப்பவர் அவர், வலைக்கு முன்பணம் கொடுப்பவரும் அவர், விலை சொல்பவரும் அவரே. குஞ்சுக்கான செலவில் மட்டும் அவருக்குப் பங்கில்லை. அவர் வராவிட்டால் இறால் கரையிலேயே கெட்டுவிடும் என்பார்கள். மெய்தான். அப்படியானால் குறை அவருடைய தேவையில் இல்லை, அவருக்கு மாற்றில்லாத நிலையில்தான் இருக்கிறது. மீனவர் சங்கம் தனக்கென ஐஸ் பெட்டி வைத்து, ஒவ்வொரு கிலோ விற்பனையிலும் ஒரு பங்கைக் குஞ்சு நிதிக்கு ஒதுக்க வேண்டும். வாங்குபவரும் அதில் பங்கு செலுத்த வேண்டும்.

பொறுப்பு குளக்கரையோடு முடிவதில்லை, மலையிலும் அதில் ஒரு பங்கு உண்டு. 1946 இல் தேயிலையைத் தாக்கிய கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து தெளிக்கும் வழக்கம் வந்தது. இறாலினத்துக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலும் நஞ்சு. ஹோர்ட்டன் சமவெளியின் குளிரோடையில் காரிடினா சிங்களென்சிஸ் என்ற சிற்றிறால் உண்டு. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத உயிர் அது. அதன் ஓடை கெட்டால், எந்தப் பொரிப்பகத்தாலும் ஈடுசெய்ய முடியாது. தெளிப்பான் சுமக்கும் தொழிலாளியைக் குற்றம் சொல்வது அநியாயம். மருந்தையும் அளவையும் முடிவு செய்வது நிர்வாகம். ஓடைக்கரையில் மருந்தடிக்காத பட்டி ஒன்றை விடச் சொல்ல வேண்டியதும் அந்த நிர்வாகத்திடம்தான். கொத்மலையிலிருந்து கொட்டியாரம் வரை ஒரே நீர் என்று ஏற்றுக்கொண்டால், மேலே மருந்தின் அளவுக்கும் நடுவே குஞ்சின் செலவுக்கும் கீழே இறாலின் விலைக்கும் ஒரே கணக்கு எழுத வேண்டியிருக்கும். அந்தக் கணக்கில் முதல் வரவு பொரிப்பகத் தொழிலாளியின் கூலியாக இருக்கட்டும்.